வாடகை, இரைச்சல், கித்தான்: ‘தி டிரில்லர் கில்லர்’ (1979) திரைப்படத்தில் ஓவியனின் மனக்குலைவும் குறைந்த செலவுத் தயாரிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க இயக்குநர் ஏபல் ஃபெராரா இயக்கி 1979இல் வெளிவந்த ‘தி டிரில்லர் கில்லர்’, நியூயார்க் நகர ஓவியன் ஒருவன் படிப்படியாக மனம் குலைந்து கொலைகாரனாவதைச் சொல்லும் குறைந்த செலவுத் திரைப்படம். பிரிட்டனில் 1980களில் எழுந்த வீடியோ தணிக்கை விவாதத்தின் அடையாளமாகவே இப்படம் பெரிதும் அறியப்படுகிறது. அதனால் படத்தின் உள்ளமைப்பு போதிய கவனம் பெறவில்லை. ஓவியனின் மனக்குலைவைப் பிறவிக் குணமாகவோ படைப்பாற்றலின் விலையாகவோ படம் காட்டவில்லை. வாடகை, கடன், இரைச்சல், வீடின்மை குறித்த அச்சம் ஆகிய புறக்காரணிகளோடு பிணைத்தே காட்டுகிறது. இவ்வாசிப்புக்குத் தயாரிப்பின் எளிமையும் துணைநிற்கிறது. இவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. படத்தில் கொல்லப்படும் வீடற்றோரின் சித்திரிப்பில் உள்ள சிக்கலும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உளவியல் திகில் படம், குறைந்த செலவுத் தயாரிப்பு, கலைஞன் தொன்மம், வீடின்மை, வீடியோ தணிக்கை.

முன்னுரை

கலைஞனையும் பித்தையும் இணைத்துப் பார்க்கும் வழக்கம் மேலைநாட்டுக் கலை வரலாற்றில் நெடுங்காலமாக உள்ளது. எர்ன்ஸ்ட் கிரிஸ், ஓட்டோ குர்ட்ஸ் ஆகியோர் 1934இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட நூல், கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளில் மீண்டும் மீண்டும் வரும் கதைக்கூறுகளைத் தொகுத்து ஆராய்ந்தது. ருடால்ஃப், மார்கோ விட்கோவர் இணையர் 1963இல் வெளியிட்ட ‘பார்ன் அண்டர் சாட்டர்ன்’ என்னும் நூல், சனிக்கோளின் ஆட்சிக்குட்பட்டவன், துயரம் மிக்கவன் எனக் கலைஞனைக் கருதும் எண்ணம் எவ்வாறு உருவாகி நிலைபெற்றது என்பதைக் காட்டியது. கலைஞனின் பித்து என்பது இயற்கை உண்மையன்று, வரலாற்றில் உருவான ஒரு கதை என்பதே இவ்விரு நூல்களாலும் பெறப்படுவது.

திரைப்படம் இக்கதையை விரைவாக எடுத்துக்கொண்டது. குறிப்பாகக் குறைந்த செலவில் திகில் படம் எடுப்போர்க்கு இது வசதியாக அமைந்தது. ஓர் அறை, சில ஓவியங்கள் அல்லது சிற்பங்கள், தனித்து வாழும் ஒருவன் ஆகியவை இருந்தாலே கதைக்களம் உருவாகிவிடும். அவ்வரிசையில் வைத்துப் பார்க்கும்போது ‘தி டிரில்லர் கில்லர்’ எவ்விடத்தில் மரபைப் பின்பற்றுகிறது, எவ்விடத்தில் விலகுகிறது என்பதைத் தெளிவுபடுத்துவது இக்கட்டுரையின் நோக்கம்.

கதைச் சுருக்கம்

ரெனோ மில்லர் நியூயார்க்கின் யூனியன் சதுக்கப் பகுதியில் வாழும் ஓவியன். கேரல், பமேலா என்னும் இரு பெண்கள் அவனுடன் வசிக்கின்றனர். பெரிய காட்டெருமை ஓவியம் ஒன்றை அவன் தீட்டிக்கொண்டிருக்கிறான், அது முடிவடையவில்லை. வாடகை பாக்கி, தொலைபேசிக் கட்டணம் ஆகியவை நெருக்குகின்றன. ஓவிய வணிகர் டால்ட்டன் பிரிக்ஸிடம் முன்பணம் கேட்கிறான், அவர் மறுக்கிறார். ஓவியத்தை முடித்துக் கொடுத்தால் மட்டுமே பணம் என்கிறார். இந்நிலையில் அதே கட்டடத்திற்கு ஒரு பங்க் இசைக்குழு குடிவருகிறது. இரவும் பகலும் அவர்கள் செய்யும் பயிற்சியின் ஓசை அவனது உறக்கத்தையும் வேலையையும் கெடுக்கிறது. வீட்டு உரிமையாளரிடம் முறையிடுகிறான். அவரோ ஓசையைப் பொருட்படுத்தாமல், தோலுரித்த முயல் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்.

இரத்தம் தோய்ந்த உருவங்கள் ரெனோவின் கண்முன் தோன்றத் தொடங்குகின்றன. மின்னிணைப்பின்றி எங்கும் கருவிகளை இயக்க உதவும், இடுப்பில் கட்டிக்கொள்ளும் மின்கலப் பட்டை ஒன்றின் விளம்பரத்தைத் தொலைக்காட்சியில் காண்கிறான். பின்னர் அதை வாங்கி, மின் துளைக்கருவியுடன் தெருவில் இறங்கி, வீடற்றோரைக் கொல்லத் தொடங்குகிறான். ஓவியம் ஒருவழியாக முடிகிறது. அதைப் பார்க்க வரும் பிரிக்ஸ் அது பயனற்றது என ஒதுக்கிவிடுகிறார். கேரல் தன் முன்னாள் கணவன் ஸ்டீபனிடம் திரும்பிச் செல்கிறாள். ரெனோ முதலில் பிரிக்ஸையும் பின்னர் ஸ்டீபனையும் கொல்கிறான். இறுதிக் காட்சியில் கேரல் விளக்கை அணைத்துவிட்டு, படுக்கையில் இருப்பவன் ஸ்டீபன் என எண்ணி அழைக்கிறாள். அடுத்து நிகழ்வதைக் காட்டாமலே படம் முடிகிறது.

மரபும் விலகலும்

கொலையும் கலையும் இணையும் படங்களில் ஒரு பொதுக்கூறு உண்டு: அவற்றில் பிணமே படைப்பாகிறது. 1933இல் வெளிவந்த ‘மிஸ்டரி ஆஃப் தி வாக்ஸ் மியூசியம்’, அதன் மறுஆக்கமான ‘ஹவுஸ் ஆஃப் வாக்ஸ்’ (1953) ஆகியவற்றில் சிற்பி இறந்த உடல்களை மெழுகால் மூடிக் காட்சிப்பொருளாக்குகிறான். ரோஜர் கோர்மன் ஏறத்தாழ 50,000 டாலர் செலவில் ஐந்தே நாள்களில் எடுத்து 1959இல் வெளியிட்ட ‘எ பக்கெட் ஆஃப் பிளட்’ படத்தில், கலைஞர்கள் கூடும் காப்பிக் கடையில் மேசை துடைக்கும் வால்ட்டர் பெய்ஸ்லி தற்செயலாக ஒரு பூனையைக் கொன்றுவிட்டு, அதன்மேல் களிமண் பூசிச் சிற்பம் என்கிறான். பாராட்டுக் கிடைத்ததும் அடுத்து மனிதர்களைக் கொல்லத் தொடங்குகிறான். ஹெர்ஷல் கோர்டன் லூயிஸின் ‘கலர் மீ பிளட் ரெட்’ (1965) படத்து ஓவியன், தனக்கு வேண்டிய சிவப்பு நிறத்தை இரத்தத்திலிருந்து பெறுகிறான்.

இப்படங்கள் அனைத்திலும் கொலைக்கு ஒரு கலைப்பயன் உண்டு. கோர்மனின் படம் அப்பயனை அங்கதமாக்கினாலும், கொலையிலிருந்து கலைப்பொருள் பிறக்கிறது என்னும் கதைத்தருக்கத்தை விட்டுவிடவில்லை. ‘தி டிரில்லர் கில்லர்’ இவ்விடத்தில்தான் வேறுபடுகிறது. ரெனோவின் கொலைகளில் எதுவும் கித்தானுக்குள் செல்வதில்லை. கொல்லப்பட்டவர்களின் முகமோ குருதியோ காட்டெருமை ஓவியத்தின் பொருளாவதில்லை. கொலை ஓர் இரவு வேலை. ஓவியம் ஒரு பகல் வேலை. முடிந்த ஓவியமும் விலைபோவதில்லை. பித்து கலையை வளர்க்கும் என்னும் தொன்மத்தைப் படம் இவ்வாறு வலுவிழக்கச் செய்கிறது. மனக்குலைவு ரெனோவுக்கு எந்தப் படைப்பு வெகுமதியையும் தருவதில்லை.

மற்றொரு முன்னோடியையும் குறிப்பிட வேண்டும். ரோமன் போலான்ஸ்கியின் ‘ரிபல்ஷன்’ (1965) படத்தில் இலண்டன் அடுக்ககம் ஒன்றில் தனித்திருக்கும் இளம்பெண்ணின் மனம் சிதைவதைச் சமைக்கப்படாமல் அழுகும் முயலிறைச்சி அளந்து காட்டுகிறது. அப்பெண்ணின் பெயரும் கேரல்தான். ஃபெராராவின் படத்தில் முயல் வீட்டு உரிமையாளரின் கையிலிருந்து வருகிறது. போலான்ஸ்கியிடம் அகத்தின் சிதைவைக் காட்டிய பொருள், இங்கு வாடகைக்குக் குடியிருப்பவனுக்கும் உரிமையாளனுக்கும் இடையிலான உறவின் சின்னமாகிறது. நியாயமான முறையீட்டுக்கு விடையாகக் கிடைப்பது ஒரு பிணம். ரெனோ அதைச் சமையலறையில் வைத்துக் கத்தியால் மீண்டும் மீண்டும் குத்தும் காட்சி, பின்னர் வரும் வன்முறைக்கு முன்னோட்டமாகிறது.

நகரமும் அச்சமும்

படத்தின் தொடக்கக் காட்சி ஒரு தேவாலயத்தில் நிகழ்கிறது. அங்கு அமர்ந்திருக்கும் வீடற்ற முதியவர் ஒருவரிடம் ரெனோவின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய தாள் இருப்பதால் அவன் வரவழைக்கப்பட்டிருக்கிறான். முதியவர் அவன் கையைப் பற்ற, அவன் உதறிவிட்டு ஓடுகிறான். அவரைத் தெரியாது என்கிறான். அம்முதியவர் அவனுடைய தந்தையாக இருக்கலாம் என்னும் ஐயத்தைப் படம் எழுப்புகிறது. கதை முழுவதற்கும் இக்காட்சியே திறவுகோல். ரெனோ வெறுப்பது தெருவில் கிடப்போரை அன்று. தானும் அவர்களுள் ஒருவனாகிவிடக்கூடும் என்பதையே. வாடகை பாக்கி ஒவ்வொரு நாளும் அவனை அத்தெருவுக்கு அருகில் கொண்டுசெல்கிறது.

இவ்வச்சத்திற்கு வரலாற்று அடிப்படை உண்டு. 1975இல் நியூயார்க் நகராட்சி கடனைத் திருப்பிச் செலுத்த இயலாத நிலைக்குத் தள்ளப்பட்டது. அதன் விளைவாக நகராட்சிப் பணியாளர்கள் பெருமளவில் நீக்கப்பட்டனர், பொதுப்பணிகள் சுருங்கின. மற்றொருபுறம், அரசு மனநல மருத்துவமனைகளிலிருந்து நோயாளிகளை வெளியே அனுப்பிச் சமூகத்திலேயே பராமரிப்பது என்னும் கொள்கை 1950களின் நடுப்பகுதி முதல் அமெரிக்கா முழுவதும் நடைமுறைக்கு வந்திருந்தது. வெளியே அனுப்பும் பணி விரைந்து நடந்தது. வெளியே பராமரிப்பதற்கான ஏற்பாடு அதே அளவில் உருவாகவில்லை. குறைந்த வாடகையில் ஓர் அறை மட்டும் தரும் விடுதிகளும் குறைந்துகொண்டே வந்தன. இம்மூன்றின் சந்திப்பில் தெருவில் வாழ்வோர் பெருகினர். 1977 ஜூலை 13 இரவில் நகரின் பெரும்பகுதியில் மின்சாரம் தடைபட்டபோது நிகழ்ந்த கொள்ளைகளும் தீவைப்புகளும் அக்காலத்தின் பதற்றத்தைக் காட்டும்.

கதைநிகழிடமும் தற்செயலானதன்று. ஆண்டி வார்ஹோலின் ‘ஃபேக்டரி’ என்னும் பணிக்கூடம் 1968 முதல் யூனியன் சதுக்கம் மேற்கு 33ஆம் எண் கட்டடத்திலும், பின்னர் சதுக்கத்தை அடுத்துள்ள பிராட்வே 860ஆம் எண் கட்டடத்திலும் இயங்கியது. கலை பெரும் வணிகமாக மாறிய இடமும், வாடகைக்கு ஓவியன் கையேந்தும் இடமும் ஒரே சதுக்கத்தைச் சுற்றியே அமைகின்றன. படத்தில் வார்ஹோலின் பெயர் இடம்பெற வேண்டிய தேவையில்லை. கலைச் சந்தை அருகிலிருந்தும் எட்டாத தொலைவில் இருக்கிறது என்பதை டால்ட்டன் பிரிக்ஸ் என்னும் ஒரே பாத்திரம் உணர்த்திவிடுகிறது.

குறைந்த செலவு என்னும் வடிவம்

குறைந்த செலவைப் பெரும்பாலான விமர்சனங்கள் குறையாகவோ, குறையை மீறிய வெற்றியாகவோ பேசுகின்றன. இப்படத்தில் அது பொருளோடு இணைந்த வடிவமாக அமைகிறது. இதனை மூன்று நிலைகளில் காணலாம்.

முதலாவது, இடம். படம் அரங்கம் அமைத்து எடுக்கப்படவில்லை. உண்மையான குடியிருப்பு, உண்மையான தெருக்கள், உண்மையான இரவு ஆகியவையே களம். தெருவோரத்தில் கிடப்போரை ஆவணப்படம் போலப் பதிவுசெய்த காட்சித்துண்டுகள் கதைக்கிடையே வருகின்றன. 16 மி.மீ. படச்சுருளின் பொடிமணித் தன்மையும் போதாத ஒளியும், நடிக்கப்பட்டதற்கும் நிகழ்ந்ததற்கும் இடையிலான எல்லையை மங்கச் செய்கின்றன. ரெனோவின் மனத்தில் தோன்றும் உருவங்களும் தெருவில் காணும் உருவங்களும் ஒரே தரத்திலான பிம்பங்களாக இருப்பதால், எது மயக்கம் எது உண்மை எனப் பார்வையாளரும் தடுமாறுகின்றனர்.

இரண்டாவது, நடிப்பு. ரெனோவாக நடித்தவர் இயக்குநர் ஃபெராராவே. ஜிம்மி லெய்ன் என்னும் புனைபெயரில் நடித்தார். பணமின்றிப் படைப்பை முடிக்கப் போராடும் ஓவியனை, பணமின்றிப் படத்தை முடிக்கப் போராடிய இயக்குநர் ஏற்று நடித்திருக்கிறார். இதைத் தன்வரலாறு எனக் கொள்ளுதல் பொருந்தாது. திரைக்கதையை எழுதியவர் நிக்கோலஸ் செயின்ட் ஜான். பின்னர் ‘மிஸ் 45’ (1981), ‘கிங் ஆஃப் நியூயார்க்’ (1990), ‘தி அடிக்ஷன்’ (1995) எனத் தொடர்ந்து ஃபெராராவுக்காக எழுதியவர் அவர். எனினும் பாத்திரத்தின் பணநெருக்கடி பேச்சளவில் நிற்காமல் படத்தின் உடலிலேயே தெரிவதற்கு இவ்வொருமை காரணமாகிறது.

மூன்றாவது, ஒலி. படத்தை உரத்த ஒலியில் ஓட்ட வேண்டும் என்னும் அறிவிப்பு தொடக்கத்திலேயே திரையில் வருகிறது. இசைக்குழுவின் பயிற்சிக் காட்சிகள் கதைக்குத் தேவையான அளவைக் கடந்து நீள்கின்றன. இது தொகுப்பின் தளர்ச்சி எனத் தோன்றலாம். ஆயின் ரெனோ அனுபவிக்கும் தொல்லையைப் பார்வையாளரும் அனுபவிக்க வேண்டுமாயின் அந்நீளம் தேவையாகிறது. பெரும் பொருட்செலவில் ஆகும் காட்சி உத்திகளின்றி மனநெருக்கடியைக் கடத்துவதற்கு ஒலி மிக மலிவான வழி. இங்கு மிகப் பயனுள்ள வழியும் அதுவே.

துளைக்கருவிக்கும் இங்கு ஒரு பொருளியல் பொருள் உண்டு. அது விளம்பரம் வழி அறிமுகமாகும் நுகர்பொருள். ரெனோவால் வாடகை கொடுக்க இயலவில்லை. ஆயினும் மின்கலப் பட்டையை வாங்க இயல்கிறது. இருப்பிடம் எட்டாத பொருளாகவும் கருவி எட்டும் பொருளாகவும் உள்ள சந்தையின் முரணை இப்படம் வசனமின்றிச் சுட்டுகிறது.

கொல்லப்படுவோர் யார்?

படத்தின் வலிமையைச் சொல்லும் அளவுக்கு அதன் சிக்கலையும் சொல்ல வேண்டும். 1970களின் அமெரிக்கத் திகில் படங்களை ஆராய்ந்த ராபின் வுட், சமூகம் அடக்கி ஒதுக்கியவையே அரக்க உருவில் திரும்பி வருகின்றன என்றார். ‘தி டிரில்லர் கில்லர்’ படத்தில் ஒதுக்கப்பட்டோர் அரக்கராகத் திரும்பவில்லை. அவர்கள் மீண்டும் ஒருமுறை ஒதுக்கப்படுகின்றனர், இம்முறை கொல்லப்படுகின்றனர். அரக்கனாவது, ஒதுக்கப்பட்டு விடுவோமோ என அஞ்சும் நடுநிலை மனிதன். வறுமையில் விழும் அச்சம் ஏழைக்கு எதிரான வன்முறையாக மாறும் இயக்கத்தை இவ்வளவு நேரடியாகக் காட்டிய திகில் படங்கள் குறைவு.

ஆனால் கொல்லப்படும் வீடற்றோர்க்குப் பெயரில்லை, முன்கதையில்லை. ரெனோவின் உள்ளம் எவ்வளவு விரிவாகக் காட்டப்படுகிறதோ அவ்வளவு சுருக்கமாக அவர்களின் இறப்பு காட்டப்படுகிறது. அவர்களைக் கொல்லும்வரை நகரம் ரெனோவைத் தேடுவதாகவே தெரியவில்லை. இவ்வலட்சியத்தைப் படம் கண்டிக்கிறதா, பகிர்ந்துகொள்கிறதா என்னும் வினாவுக்கு இரு பக்கமும் சான்று உண்டு. கொலைகளைக் கண்டும் காணாத நகரைக் காட்டுவது கண்டனம். அதே உடல்களை அதிர்ச்சிக் காட்சியாக்குவது பங்கேற்பு. சுவரோடு சேர்த்துக் கைகள் துளைக்கப்பட்டுச் சிலுவைக் கோலத்தில் இறக்கும் மனிதன், தொடக்கத்துத் தேவாலயக் காட்சியை நினைவூட்டித் தியாகப் பொருளை ஏற்கிறான். ஆயினும் அப்பொருளும் ரெனோவின் கதைக்கே சேர்கிறது, இறந்தவனுக்கு அன்று.

மனக்குலைவையும் கொலைவெறியையும் இணைக்கும் பழைய வாய்பாட்டையும் படம் முற்றிலும் கைவிடவில்லை. காரணங்களைப் புறத்தில் தேடினாலும், விளைவை இதே வாய்பாட்டின் வழிதான் காட்டுகிறது. கவனிப்பின்றித் தெருவில் விடப்பட்ட மனநோயாளர்கள் வன்முறைக்கு இரையாவோராகவே இங்கு வருகின்றனர் என்பது இதற்கு ஓரளவு எதிர்விசையாகிறது.

அட்டைப்படமும் தீர்ப்பும்

படத்தின் பிற்கால வாழ்வு பிரிட்டனில் நிகழ்ந்தது. அந்நாட்டில் 1984 வரை வீடியோ கேசட்டுகளுக்கு முன்தணிக்கை கட்டாயமாக இல்லை. 1982இல் இப்படத்தின் கேசட் வெளிவந்தபோது, நெற்றியில் துளைக்கருவி இறங்கும் காட்சி அட்டையிலும் விளம்பரங்களிலும் இடம்பெற்றது; எதிர்ப்பு எழுந்தது. ‘வீடியோ நாஸ்டி’ என நாளிதழ்கள் பெயரிட்ட படங்களின் வரிசையில் இது முன்னிடம் பெற்றது. ஆபாச வெளியீடுகள் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுக்கத்தக்கவை என அரசு வழக்குத் துறை தொகுத்த பட்டியலிலும் இடம்பெற்றது. 1984இல் வீடியோ பதிவுகள் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டில் மார்ட்டின் பார்க்கர் தொகுத்த கட்டுரை நூல், இவ்வெதிர்ப்பு இயக்கத்தின் சான்றுகளையும் வாதங்களையும் கேள்விக்குட்படுத்தியது. வெட்டின்றி இப்படத்தை வெளியிட பிரிட்டன் தணிக்கை வாரியம் 2002இல்தான் ஒப்புதல் அளித்தது.

இருபதாண்டுகள் ஒரு படம் அதன் அட்டையால் அறியப்பட்டது. வன்முறைக் காட்சிகள் படத்தில் குறைந்த நேரமே இடம்பெறுகின்றன. கட்டணச் சீட்டுகளும் சண்டைகளும் காத்திருப்பும் இசைப் பயிற்சியுமே பெரும்பகுதி. தணிக்கைக்கு உள்ளான பனுவல்களை ஆராய்வோர் வழக்கின் வரலாற்றையே பனுவலின் பொருளாகக் கொண்டுவிடும் இடர் உண்டு என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

முடிவுரை

கலைஞனின் பித்தைப் படைப்பின் ஊற்றாகக் கருதும் மரபிலிருந்து ‘தி டிரில்லர் கில்லர்’ விலகுகிறது. இதில் கொலையிலிருந்து கலை பிறப்பதில்லை. பிறந்த கலையும் ஏற்கப்படுவதில்லை. மனக்குலைவின் காரணங்கள் வாடகை, கடன், இரைச்சல், வீடின்மை குறித்த அச்சம் என 1970களின் நியூயார்க் நகர வாழ்வில் வேர்கொண்டுள்ளன. உண்மைக் களம், இயக்குநரே நடித்தல், உரத்த ஒலி என்னும் மூன்று குறைந்த செலவு உத்திகளும் இப்பொருளைத் தாங்கும் வடிவக் கூறுகளாகின்றன. எனினும் ஏழையாகிவிடுவோமோ என்னும் அச்சத்தை இவ்வளவு நுட்பமாகக் காட்டும் படம், ஏற்கனவே ஏழையாக இருப்போர்க்கு ஒரு பெயர்கூடத் தரவில்லை. குறைந்த செலவுத் திகில் படங்களில் கலைஞர் சித்திரிப்பை ஆராய முற்படுவோர், கலைஞனின் துயரை விளக்குவதோடு நில்லாமல், அத்துயரின் விலையை யார் செலுத்துகிறார்கள் என்பதையும் ஒவ்வொரு படத்திலும் கேட்டறிதல் வேண்டும்.